ரெண்டரை ஸ்டார் மருமகனும் ஒரு பழைய ரோஜாவும்!

குற்றாலத்தில் ஸீஸன் ஆரம்பித்துவிட்டால், தென்காசிக்காரன் வீட்டில் சொந்தக்காரர்கள் ஸீஸனும் ஆரம்பித்துவிடும். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால் போதும், பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத ஒன்றுவிட்ட சித்தப்பாகூட, "சும்மா... உங்களையெல்லாம் பாக்கணும்போல இருந்துச்சு" என்று எண்ணெய் பாட்டிலோடு வந்து இறங்குவார்.

இந்த ஆடியில் வந்து இறங்கியவன் என் மருமகன். அக்கா மகன். சென்னைவாசி. கையில் எண்ணெய் பாட்டில் இல்லை. முதுகில் கறுப்புப் பை, உடம்பில் கறுப்பு பனியன், தோள் வரை முடி, முகத்தில் ஏழாம் நாள் துக்கம்.

பதறிப் போய், "யாரும் தவறிட்டாங்களா மாப்ள?" என்றேன்.

"என் ஆல்பம் தவறிடுச்சு மாமா" என்றான்.

விஷயம் இதுதான். பையன் டிரம்ஸ் வாசிக்கிறவன். நாலு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார்கள். குழுவின் பெயரை இரண்டு தடவை சொன்னான், எனக்கு வாயில் நுழையவில்லை. என்ன மாதிரி இசை என்று கேட்டால், 'ஆல்டர்நேட்டிவ் மெட்டலா'ம்.

"மெட்டல்னா... பாத்திரக் கடை மாதிரியா?" என்று அப்பாவியாகக் கேட்டாள் என் மனைவி.

"ஆமா அத்தே, சிலர் அப்படித்தான் எழுதியிருக்காங்க" என்றான் அவன், இன்னும் அப்பாவியாக.

கொஞ்சம் பொறுமையாக விளக்கவும் செய்தான். கிடாரை ஏகத்துக்கும் உறும வைத்து, டிரம்ஸை இடிபோல இறக்குவது ஹெவி மெட்டல். அதோடு ராப், ஃபங்க், ஊர்ப்பாட்டு என்று வெளிச்சரக்கைக் கலந்து, இலக்கணத்தைக் கொஞ்சம் மீறினால் ஆல்டர்நேட்டிவ் மெட்டல். டெல்லியில் 'பிளட்டிவுட்' என்று ஒரு குழு. டோல் மேளத்தையும் இந்தி-பஞ்சாபி வரிகளையும் மெட்டலோடு சேர்த்து 2022-ல் 'ரக்ஷக்' என்ற ஆல்பம் போட்டு, ஜப்பான், ஐரோப்பா வரை மேடை ஏறிவிட்டார்களாம். இவர்கள் கலந்தது நம் ஊர் நையாண்டி மேளம். தவில் அடியை டிரம்ஸுக்கு மாற்றியிருக்கிறான்.

இரண்டு வருஷச் சம்பாத்தியத்தைக் கொட்டி முதல் ஆல்பம் வெளியிட்டாயிற்று. ஒரு இங்கிலீஷ் பத்திரிகை விமர்சனமும் போட்டுவிட்டது. ஐந்துக்கு ரெண்டரை ஸ்டார். 'நிறைய இரைச்சல், கொஞ்சம் இசை' என்கிற மாதிரி நாலு வரி. அவ்வளவுதான்.

"டிரம் செட்டை வித்துடலாம்னு இருக்கேன் மாமா. அப்பா ஒரு ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்கார். திங்கட்கிழமை சேரச் சொல்றாங்க."

இரவு, அவன் தூங்கிய பிறகு, அவனுடைய ஆல்பத்தை மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஓடுகிற மிக்ஸியில் ஸ்பூன் விழுந்த மாதிரி இருந்தது. அந்த ரெண்டரை ஸ்டார் போட்ட புண்ணியவான் ரொம்ப இரக்கக்காரர் என்றுகூடத் தோன்றியது.

கூடவே, இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. இதே மாதிரி ஒரு நாலு வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். யாரைப் பற்றி என்று கேட்டால் அடிக்க வருவீர்கள்.

*

மறுநாள் காலை அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சுந்தரபாண்டியபுரம் போனேன். தென்காசிக்குப் பக்கத்து ஊர். ஆடியில் போனால் ரோட்டோரம் சூரியகாந்தி மஞ்சள் ஜமுக்காளம் விரித்திருக்கும். 'அந்நியன்' படத்துக்காக நடிகர்கள் முகங்களை வரைந்த பாறையும் அங்கேதான் இருக்கிறது. பூவுக்கு நடுவே நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்தை விலக்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"இது எந்தப் படத்து ஊர் தெரியுமா மாப்ள?"

"அந்நியன்."

"அது 2005. அதுக்கும் முன்னால?"

முழித்தான்.

"'ரோஜா'! கதாநாயகியோட ஊர் சுந்தரபாண்டியபுரம்தான். கிராமத்துக் காட்சிகளை மணிரத்னம் இந்தப் பக்கம்தான் எடுத்தார். 'சின்னச் சின்ன ஆசை' பாட்டுல வர்ற அருவியைப் பாத்துட்டுக் குற்றாலம்னு சொல்லுவாங்க. அது பாபநாசம் காரையாறுக்கு மேல உள்ள பாணதீர்த்தம். ஒகேனக்கல்லும் கொஞ்சம் வரும்."

"அதுக்கும் என் ஆல்பத்துக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"இருக்குலே. அதுவும் ஒருத்தரோட முதல் ஆல்பம்தானே!"

படம் வெளியானது 1992 ஆகஸ்ட் 15. கேஸட் அதற்கு முன்பே வந்துவிட்டது. அப்போது நான் வேலை தேடிக்கொண்டிருந்த பட்டதாரி. என் ஆபீஸ், கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கேஸட் கடை. கடைக்கார அண்ணாச்சி அறுபது நிமிட கேஸட், தொண்ணூறு நிமிட கேஸட் என்று கேட்ட பாட்டைப் பதிந்து கொடுப்பார். ஊரின் இசை விமர்சன பீடம் அவர் கடை வாசலில் இருந்த மர ஸ்டூல். ராஜா பாட்டுக்கு எந்த இடத்தில் வயலின் வரும் என்று கையை ஆட்டிக் காட்டுகிற ஆசாமிகள் எல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

மணிரத்னம் முதல் படத்திலிருந்து 1991-ன் 'தளபதி' வரை இளையராஜாவை விட்டு நகர்ந்ததில்லை. 'ரோஜா'வைத் தயாரிப்பதோ கே.பாலசந்தரின் கவிதாலயா. இசை மட்டும் யாரோ புதுப் பையன்! எப்படி இருக்கும் எங்களுக்கு?

அண்ணாச்சி கேஸட்டைப் போட்டார். ஒரு பக்கம் ஓடி முடிந்தது. ஸ்டூலில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

"என்ன அண்ணாச்சி, தாளத்தை மனுஷன் போடுதானா, மெஷின் போடுதா?"

"கம்ப்யூட்டரு தம்பி, கம்ப்யூட்டரு. கரண்ட் போச்சுன்னா பாட்டும் போயிரும்."

"நாலு நாள் தாங்காதுவே!"

நானும் நண்பர்களுமாக அப்போது ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். பிரதி ஒன்றே ஒன்று, வாசகர்கள் முப்பது பேர். அதில் நான்தான் இசை விமர்சகன்! விடிய விடிய உட்கார்ந்து எழுதினேன். அந்தப் பக்கத்தை இத்தனை வருஷம் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். டீக்கடை பெஞ்சில் அதை எடுத்து மருமகன் கையில் கொடுத்தேன்.

'ரோஜா - ரெண்டு நாளில் வாடும்' என்பது தலைப்பு. உள்ளே: 'விளம்பரத்துக்கு இசை போட்டுக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்தால் இப்படித்தான். இது பாட்டு இல்லை, அரை மணி நேர விளம்பரம். வாத்தியங்களுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் ஓட்டை. நூற்றுக்கு 35. பாஸ் போட்டதே கருணை!'

படித்துவிட்டு முதலில் ஒன்றும் பேசாமல் இருந்தான். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்தே போனேன். சிரிப்பு! டீ புரைக்கேறி, கடைக்காரர் தண்ணி கொடுக்கிற அளவுக்குச் சிரிப்பு.

"மாமா... ஏ.ஆர்.ரஹ்மானுக்கு முப்பத்தஞ்சு மார்க்கா!"

"உனக்கு ரெண்டரை ஸ்டார்னா கணக்குப் போட்டுப் பாரு. அம்பது பர்சென்ட். நீ அவரைவிட பதினஞ்சு மார்க் கூட வாங்கியிருக்கே!"

*

சிரிப்பு அடங்கியதும் கேட்டான்: "ஏன் மாமா உங்களுக்குப் பிடிக்கலை?"

நியாயமான கேள்வி. முப்பது வருஷமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டதுதான்.

அதுவரை நாங்கள் கேட்டு வளர்ந்த சினிமாப் பாட்டு பெரும்பாலும் ஒரு பெரிய ஹாலில், வயலின், தபேலா, புல்லாங்குழல் என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தது. இலை கொள்ளாமல் பரிமாறிய கல்யாணப் பந்தி மாதிரி நிரம்பி வழியும். ரஹ்மான், கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்புறம் 1989-ல் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற ஸ்டூடியோவைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதிந்து அடுக்கினார். பாஸ் கிடார் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம், குரல் நடுவில் என்று ஒவ்வொன்றும் துல்லியமாக நின்றது. இலையில் இடம் விட்டுப் பரிமாறியிருந்தார். பந்திக்குப் பழகிய நான் அந்த இடத்தைப் பார்த்து, 'ஓட்டை' என்று எழுதிவிட்டேன்.

அந்தப் 'புதுப் பைய'னுக்கு அப்போது வயசு 25. அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். மகனுக்கு ஒன்பது வயசாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். சின்ன வயசிலிருந்தே கீபோர்டு தூக்கிக்கொண்டு ரெக்கார்டிங் ரெக்கார்டிங்காகப் போன பிள்ளை. இளையராஜா குழுவிலும் வாசித்தவர். 'நெமிசிஸ் அவென்யூ' என்று சென்னையில் ஒரு ராக் குழுவிலும் இருந்தார்.

"ராக் குழுவா?" மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இன்னொண்ணும் கேளு. 'ரோஜா' அவரோட முதல் சினிமாதான். முதல் இசை இல்லை. 1989-ல 'தீன் இசை மாலை'ன்னு பக்திப் பாடல் கேஸட். 1991-ல மால்குடி சுபா பாடின 'செட் மீ ஃப்ரீ' இங்கிலீஷ் ஆல்பம். அதுக்கு நாங்க யாராவது மார்க் போட்டோமா? திட்டக்கூட இல்லை. வந்ததே எங்களுக்குத் தெரியாது. உன்னைத் திட்டவாவது ஒருத்தன் முழுசா உக்காந்து கேட்டிருக்கான் பாரு!"

என் விமர்சனம் வந்த பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும். தேசிய விருதுகளில் 'ரோஜா'வுக்கு மூன்று: தேசிய ஒருமைப்பாட்டுப் படம், வைரமுத்துவின் பாடல்கள், ரஹ்மானின் இசை. முதல் படத்துக்கே தேசிய விருது!

அதிலும் ஒரு சுவாரஸ்யம். தேர்வுக் குழுவின் தலைவர் பாலுமகேந்திரா. எதிரே நின்றது 'தேவர் மக'னுக்கான இளையராஜாவின் இசை. ஓட்டுகள் சரிபாதியாக விழ, தலைவரின் ஓட்டு 'ரோஜா'வுக்குப் போனது என்று பின்னாளில் மேடைகளில் பேசப்பட்டது. அதாவது, பாதிப் பேருக்கு அன்றைக்கும் வேறு அபிப்பிராயம். அவர்கள் ஒன்றும் ரசனை கெட்டவர்கள் இல்லை. 'தேவர் மகன்' பாட்டை இன்றைக்குக் கேட்டாலும் அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பது புரியும்.

2005-ல் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை, உலகின் சிறந்த பத்து சினிமா இசை ஆல்பங்களில் ஒன்றாக 'ரோஜா'வைச் சேர்த்தது. 2009-ல் வேறொரு படத்துக்காக இரண்டு ஆஸ்கர். அன்றைக்கு ராத்திரி டி.வி. முன்னால் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

"அண்ணாச்சி என்ன ஆனார் மாமா?"

"நாலு நாள் தாங்காதுன்னவர் நாலு மாசம் ராத்திரி பகலா அதே பாட்டைத்தான் பதிஞ்சு குடுத்தார். கடைக்கு ரெண்டாவது டெக் வாங்கினதே அந்தக் காசுலதான்!"

*

ஸ்கூட்டர் குற்றாலம் திரும்பியது. வழியில் அவன் தன் பங்குக்கு ஒரு கதை சொன்னான்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று தொழிற்சாலை ஊர். அங்கே டோனி அயோமி என்று இடக்கைக் கிடார்க்காரர். பதினேழு வயசில் தகரப் பட்டறை வேலையில், கடைசி நாளன்று, தந்தியை அழுத்துகிற கையில் இரண்டு விரல் நுனிகளை மிஷின் வெட்டிவிட்டது. மனுஷன் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டார். வலிக்காமல் இருக்க மெல்லிய தந்திகள் மாட்டினார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். அப்படிப் பிறந்ததுதான் மெட்டலின் அந்தக் கனத்த உறுமல். குழுவின் பெயர் 'பிளாக் ஸாபத்'. முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. முக்கால்வாசியை ஒரே நாளில் பதிவு செய்துவிட்டார்களாம்! 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் அதை வறுத்து எடுத்தார் லெஸ்டர் பேங்ஸ் என்ற விமர்சகர். 2017-ல் அதே பத்திரிகை நூறு சிறந்த மெட்டல் ஆல்பங்களைப் பட்டியல் போட்டபோது முதலிடம் அதே குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்கு. அன்று வறுபட்ட முதல் ஆல்பமும் முதல் பத்துக்குள்ளே!

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கே. அப்புறம் ஏம்லே டிரம் செட்டை விக்கப் போறே?"

"தெரியுது மாமா. ஆனா திட்டு வாங்கினவன் எல்லாம் பிளாக் ஸாபத் ஆயிடுவானா? திட்டு வாங்கி அப்படியே காணாமப் போனவங்கதானே ஜாஸ்தி!"

எனக்கு வாயடைத்துவிட்டது. பையன் சொல்வது நிஜம். நான் 35 மார்க் போட்ட வேறு பல கேஸட்டுகளுக்கு அந்த மார்க்கே அதிகம் என்று காலம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முதல் விமர்சனம் தப்பாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். அன்றைக்கே யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் அதில் உள்ள ஒரே உண்மை.

ஆனால் குற்றாலத்தில் நின்றுகொண்டு ரசனையைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேரைச் சொல்லாமல் விட முடியாது. ஒருவர், பக்கத்து மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டில் 'குற்றாலக் குறவஞ்சி' பாடினார். குறத்தியையும் சிங்கனையும் வைத்துக் கும்மாளமாக ஒரு பாட்டு நாடகம். அதைப் பாராட்டி மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலமே கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயர் 'குறவஞ்சி மேடு'.

"அந்தக் காலத்துல விமர்சனம் நிலமா வந்திருக்கு மாப்ள. இப்ப ஸ்டாரா வருது. அதுலயும் பாதியை வெட்டிட்டுக் குடுக்காங்க!"

இன்னொருவர் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே தங்கி, 1954-ல் இங்கேயே மறைந்தவர். ராஜாஜி, கல்கி எல்லாம் தேடி வந்து பேசிக்கொண்டிருந்த மனிதர். ஒரு பாட்டை எடுத்தால் ஒரு தடவை படித்துவிட்டு மூடிவைக்க மாட்டார். திரும்பத் திரும்பப் பாடுவார், நிறுத்துவார், ஒரு சொல்லை ருசி பார்ப்பார், மறுபடி முதலிலிருந்து வருவார். ஊர் அவருக்குக் கொடுத்த பட்டம் 'விமர்சகமணி' இல்லை, 'ரசிகமணி'!

இதைச் சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. மருமகனின் ஆல்பத்தை நான் எத்தனை தடவை கேட்டேன்? ஒரு தடவை. அதுவும் பாதித் தூக்கத்தில்.

*

ஐந்தருவியில் கூட்டம். எண்ணெய் தேய்த்த முதுகுகளுக்கு நடுவே அவனைத் தள்ளிவிட்டேன். அரை மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தவன், உதடு நடுங்க, "மாமா, உள்ள நின்னா வேற எதுவுமே கேக்கலை. ஆனா அந்தச் சத்தத்துக்குள்ள ஒரு தாளம் இருக்கு. அதைத்தான் மூணாவது பாட்டுல பிடிக்கப் பாத்தேன். சரியா வரலையோ என்னமோ" என்றான்.

எனக்கு அது தெரியாது. பாட்டில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லையே!

பார்டர் கடையில் புரோட்டாவுக்குக் காத்திருந்தோம். ஸீஸனில் அங்கே இடம் கிடைப்பது எலெக்ஷனில் சீட் கிடைப்பது மாதிரி. 1992-லும் இப்படித்தான் ஒரு நாள் காத்திருந்தேன். பக்கத்துக் கடை டேப்ரெக்கார்டரில் 'ரோஜா' பாட்டு. கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன். கூட வந்த நண்பன் என் கையைப் பார்த்துச் சிரித்தான். மேஜையில் என் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது! 35 மார்க் போட்ட விமர்சகனை அவனுடைய விரலே காட்டிக்கொடுத்துவிட்டது.

"மாப்ள, அந்த மூணாவது பாட்டைப் போடு" என்றேன்.

நம்பாமல் பார்த்தான். ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினான்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு கிடார்கள் ஆளுக்கொரு பக்கம் உறுமின. வழக்கம்போல மிக்ஸி, ஸ்பூன். இரண்டாவது தடவை போடச் சொன்னேன். உறுமலுக்கு அடியில் எதுவோ குதித்து ஓடியது. மூன்றாவது தடவை ஆளைப் பிடித்துவிட்டேன். எங்கள் தெருக் கொடையில் நான் சின்னப் பிள்ளையாக அப்பா தோளில் உட்கார்ந்து கேட்ட அதே தவில் அடி! சென்னையில் வளர்ந்த பையன், வருஷத்துக்கு ஒரு தடவை கொடைக்கு வந்து போனவன், அதை எப்படியோ அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். பாட்டு முழுக்க நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பாடுகிற பையன் எதற்காக அவ்வளவு கோபப்படுகிறான் என்றும் தெரியவில்லை. ஆனால் அந்த அடி நிஜம்.

மருமகன் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா... விரல்!" என்றான்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டான். நான் ஒன்றும் தடுக்கவில்லை. விளம்பர இசை போட்டுப் பிழைத்தபடியே ராத்திரியில் தன் இசையைத் தேடியவர் கதையைத்தான் நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேனே! டிரம் செட்டும் விற்கவில்லை. சனிக்கிழமை ராத்திரிதோறும் நாலு பேரும் கூடுகிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வீடு மாற்றுவதாகக் கேள்வி.

ரயில் ஏறும்போது கடைசியாகக் கேட்டான்: "மாமா, நிஜமாச் சொல்லுங்க. என் ஆல்பத்துக்கு எத்தனை மார்க்?"

"முப்பத்தஞ்சு" என்றேன்.

முகம் சுருங்கியது.

"ஏம்லே வருத்தப்படுதே? என் கையில அதுதான் ராசியான மார்க்கு!"